தொப்பி வைத்த முகம்

"மாதம் பிறந்தால் யாராவது ஒருவருடைய நாவலை எடுத்து வைத்துக்கொண்டு குற்றம் குறை சொல்கிறீர்களே, ஸார், இதையும் பார்த்துவிட்டு ஓர் அபிப்பிராயம் சொல்லுங்கள்" என்று என் நண்பர் கனமான ஆல்பம் ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

நண்பர் தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆகையால், தபால் தலைகளாகத்தான் இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். தபால் தலை ஒன்றுகூட இல்லை. அத்தனையும் பர்மா தேசத்துக் கரன்ஸி நோட்டுகள். அவற்றிலும், ஒரே ஒரு மனிதருடைய முகம் அச்சிட்ட நோட்டுகள் மட்டும். ஒவ்வொன்றும் தனித் தனிப் பிளாஸ்டிக் உறையில், மடிப்பு விழாமல், சலவையிலிருந்து வந்த வேஷ்டி மாதிரி விறைப்பாக இருந்தது. முதல் பக்கத்தில் இருந்த ஒன்று மட்டும் பின்பக்கம் தெரியும்படி தலைகீழாகச் செருகியிருந்தது. ஏதோ கைத்தவறு என்று நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அது எவ்வளவு பெரிய பிசகு என்று மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

ஆமாம், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அந்த ஆல்பத்தோடு உட்கார்ந்தேன். நான் கதை எழுதுகிறவன். நோட்டு சாஸ்திரம் எனக்குத் தெரியாது. எந்த நோட்டுக்கு இன்று என்ன விலை, எந்தக் கையெழுத்து அபூர்வம் என்பதெல்லாம் நண்பர் சொன்னால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்ளத்தான் முடியும். ஆனால், ஒரு மனிதரையே கதாநாயகராக வைத்துக்கொண்டு, ஒரு தேசத்தின் சர்க்கார் வருஷக்கணக்கில் தொடர்ந்து வெளியிட்ட ஒரு கிரந்தம் என்று எண்ணிக்கொண்டால், இதில் பாத்திரப் படைப்பு எப்படி, கதைப் போக்கு எப்படி என்று பார்க்கலாம் அல்லவா? அந்த முறையில் வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதாநாயகர் ஜெனரல் ஆங் ஸான். பர்மாவில் 'போஜோ' என்றால் தளபதி. அந்தப் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் சேர்க்காமல் அவரை யாரும் சொல்வதில்லை. ரங்கூனில் போய்வந்தவர்களுக்கு அவர் பெயரால் உள்ள பெரிய மார்க்கெட் ஞாபகம் இருக்கும். 1915-ல் நாட்மவ் என்ற சிற்றூரில் பிறந்தார். 1947 ஜூலை 19-ஆம் தேதி காலை, ரங்கூன் செக்ரடேரியட் கட்டிடத்தில் மந்திரிசபைக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே துப்பாக்கியோடு நுழைந்தவர்கள் அவரையும் உடனிருந்த மந்திரிகளையும் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 32. பர்மாவுக்குச் சுதந்திரம் வந்தது அடுத்த வருஷம் ஜனவரி 4-ஆம் தேதி. அதற்காக அத்தனை பாடுபட்டவர் அதைப் பார்க்கவில்லை.

பதினொரு வருஷத்துக்குப் பிறகு, 1958-ல், யூனியன் பாங்க் ஆஃப் பர்மா அவர் முகத்தை நோட்டுகளில் போட்டது. 1, 5, 10, 20, 50, 100 கியாட். ராணுவத் தொப்பி, ராணுவச் சட்டை, சிரிப்பில்லாத வாய். நண்பரின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். வேலைப்பாடு என்று பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. நோட்டில் முகம் என்பது வர்ணம் பூசிய படம் அல்ல. எஃகுத் தகட்டில் மயிரிழை மயிரிழையாகச் செதுக்கிய கோடுகள். கன்னத்தின் நிழல் வேண்டுமானால் கோடு நெருங்க வேண்டும். நெற்றியில் வெளிச்சம் வேண்டுமானால் கோடு விலக வேண்டும். மலையையும் மரத்தையும் விட்டுவிட்டு முகத்தை ஏன் போடுகிறார்கள் தெரியுமோ? கள்ள நோட்டு அடிக்கிறவன் ஒரு மரத்தின் கிளையைப் பிசகாகப் போட்டால் யாருக்கும் தெரியாது. பழகிய முகத்தில் ஓர் இமை பிசகினால் கீரைக்காரிகூடக் கண்டுபிடித்துவிடுவாள். ஆகவே, முகம் அலங்காரத்துக்கு மட்டும் வந்ததல்ல, காவலுக்கும் வந்தது.

ஆனால் பாத்திரப் படைப்பு என்று வரும்போது எனக்குத் திருப்தி ஏற்படவில்லை.

ஆங் ஸானைப் பற்றி நான் கேட்டதும் படித்ததும் வேறு ஆசாமி. காலேஜில் படிக்கும்போது உடையைப் பற்றி அக்கறையே இல்லாதவர். இங்கிலீஷ் சரியாகப் பேச வராது; ஆனாலும் விவாத மேடையில் ஏறி, கூட்டம் கூச்சல் போட்டாலும் இறங்காமல் இங்கிலீஷிலேயே பேசி முடிப்பார். சில நாள் யாரோடும் ஒரு வார்த்தை பேசமாட்டார். சில நாள் மணிக்கணக்கில் நிறுத்தமாட்டார். மாணவர் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையை எழுதியவர் யார் என்று சொல்ல மறுத்ததற்காக, 1936-ல் காலேஜை விட்டு நீக்கப்பட இருந்தவர். 1940-ல் சீனர் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு கப்பலில் தப்பி ஆமாய் துறைமுகம் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து ஜப்பான். அங்கே கிமோனோ அணிந்தார். ஜப்பானியப் பெயர்கூட ஒன்று வைத்துக்கொண்டார். 1941-ல் ஹைனான் தீவில் முப்பது பர்மிய இளைஞர்களில் ஒருவராக யுத்தப் பயிற்சி பெற்றார். அந்த முப்பது பேருக்கு இன்றைக்கும் பர்மாவில் 'முப்பது தோழர்கள்' என்றே பெயர். அவர்களில் ஒருவர் முன்னாள் தபால் குமாஸ்தா. அவர் பெயர் நெ வின். இந்தக் கதையின் இன்னொரு முக்கியப் பாத்திரம் அவர்தான். ("எங்கள் இலாகா ஆள், ஸார்!" என்று நண்பர் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். பெருமையாகவா, வெட்கமாகவா என்று புரிந்துகொள்ள முடியவில்லை.)

ஜப்பானியரோடு சேர்ந்து வெள்ளைக்காரரை விரட்டினார். பிறகு 1945 மார்ச் 27-ஆம் தேதி ஜப்பானியருக்கே எதிராகத் திரும்பினார். அந்த மே மாதம் பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம்மைப் பார்க்க அவர் போனபோது உடம்பில் இருந்தது ஜப்பானிய மேஜர் ஜெனரலின் உடுப்பு; இடுப்பில் வாள்வேறு! நேற்றுவரை எதிரியாக இருந்தவரைப் பார்க்க, இன்றைய எதிரியின் உடுப்பில் போனார். நீ ஜெயிக்கிறோம் என்று தெரிந்து எங்களிடம் வந்தாய் என்று ஸ்லிம் சொல்ல, நீங்கள் ஜெயிக்காவிட்டால் உங்களிடம் வந்து என்ன பிரயோஜனம் என்று இவர் பதில் சொன்னாராம். இப்படி ஒரு சம்பாஷணை கிடைத்தால் நாவலாசிரியன் அதை வைத்துக்கொண்டு நாலு அத்தியாயம் எழுதிவிடுவான்.

அதே வருஷம் செப்டம்பரில் கண்டி நகரத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. புதிய பர்மிய ராணுவத்தில் உயர்ந்த பதவி ஒன்றை அவருக்குக் கொடுக்க வந்தார்கள். அவர் வேண்டாம் என்றார். ராணுவத்தை விட்டு விலகி அரசியலுக்குப் போனார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கையில் படை இருந்த ஒருவர், முப்பது வயதில், அதைக் கீழே வைத்துவிட்டு மேடைக்கும் கூட்டத்துக்கும் பேரத்துக்கும் போனார். மலைநாட்டுத் தலைவர்களோடு 1947 பிப்ரவரியில் பாங்லாங்கில் ஒப்பந்தம் செய்துகொண்டதும், அட்லியோடு லண்டனில் பேசி முடித்ததும் அந்த இரண்டு வருஷத்தில்தான். அப்படியிருக்க, நோட்டில் ஏன் தொப்பியை மறுபடியும் தலையில் வைக்கிறார்கள்? தானே கழற்றி வைத்ததை, செத்த பிறகு பிறர் மாட்டிவிடுவதா? இதுதான் என் முதல் ஆட்சேபணை.

நண்பர் விடவில்லை. உள்ளே போய் ஒரு படத்தை எடுத்து வந்தார். 1947 ஜனவரியில் லண்டனில் எடுத்தது. நீளமான ராணுவ ஓவர்கோட்டு, தலையில் அதே தொப்பி. "உத்தியோகத்தை விட்டார், ஸார், உடுப்பை விடவில்லையே? அவரே போட்டுக்கொண்டதைத்தானே நோட்டில் போட்டிருக்கிறான்?" என்றார். அந்தக் கோட்டுக்கு ஒரு கதை உண்டு. லண்டன் போகிற வழியில் டில்லியில் இறங்கினாராம். அவர் உடுப்பு குளிருக்குத் தாங்காது என்று நேரு தைத்துக் கொடுத்தது என்று சொல்வார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வாதத்தில் பாதி அவர் பக்கம் போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மீதிப் பாதியை விட எனக்கு மனமில்லை. இரவல் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு, பாஷை சரியாக வராத ஊரில், ஒரு சாம்ராஜ்யத்தோடு பேரம் பேசப் போனவர் அந்தப் படத்தில் இருக்கிறார். நோட்டில் அவர் இல்லை. அங்கே இருப்பது பதவி. 1942-ல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது கவனித்துக்கொண்ட நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டவரும் அங்கே இல்லை. இன்னொரு சமாசாரமும் இருக்கிறது. அதே 1942-ல், தட்டோன் ஜில்லாவில் ஒரு கிராம மணியக்காரருக்கு அவசர விசாரணை ஒன்றில் மரண தண்டனை விதித்து, அதைத் தன் கையாலேயே நிறைவேற்றினார். செத்தவர் ஓர் இந்தியர். 1946-ல் அந்த விஷயம் வெளியே வந்து, வழக்குப் போடலாமா என்று கவர்னர் வரைக்கும் யோசனை நடந்தது. ஆங் ஸான் மறைக்கவில்லை. செய்தேன் என்றே சொன்னார். இதை எந்தச் சர்க்காரும் நோட்டில் அச்சிடாது; அச்சிடச் சொல்லவும் இல்லை. ஆனால் தொப்பியும் காலரும் சேர்ந்தால் அந்த முகத்தில் கேள்வி கேட்க இடமே இல்லாமல் போய்விடுகிறது. அதுதான் குறை.

பக்கத்து வீட்டுக்காரர்களும் இதில் ஒசத்தி இல்லை. இந்தோனேஷியாவில் 1968-ஆம் வருஷத்து நோட்டுகளில் ஒரு ரூபியாவிலிருந்து பத்தாயிரம் ரூபியாவரைக்கும் எல்லாவற்றிலும் ஜெனரல் ஸுதிர்மான் ஒருவரே இருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து தளபதியானவர். க்ஷயரோகத்தில் ஒரு நுரையீரல் போய், டோலியில் படுத்தபடியே ஏழு மாதம் காட்டிலும் மலையிலும் டச்சுக்காரர்களோடு போராடியவர். முப்பத்து நாலு வயதில் செத்துப்போனவர். டோலியை நோட்டில் தேடினேன். பின்பக்கத்தில் ஆலையும் பாலமும் இருக்கின்றன, டோலி இல்லை. நண்பர் மாற்றிக்கொள்வதற்காக வைத்திருக்கும் சின்ன ஆல்பத்தில் இவை இருக்கின்றன. அவருக்கு இவற்றில் சிரத்தை கிடையாது.

பாத்திரப் படைப்புக்குப் பாஸ் மார்க் கொடுக்க மறுத்த நான், கதைப் போக்கைப் பார்த்ததும் வாயடைத்துப் போனேன். இப்படி ஒரு கதையை நான் எழுதிக்கொண்டு போனால் எந்தப் பத்திரிகாசிரியரும் 'நம்பத் தகுந்ததாக இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

1962 மார்ச் 2-ஆம் தேதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-ல் பாங்குகள் சர்க்கார் வசமாயின. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள். பிறகு மற்ற ஊர்க் கடைகள். அந்த மே மாதம், 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் இனிமேல் செல்லாது என்று உத்தரவு பிறந்தது. முப்பது தோழர்களில் ஒருவர், தங்கள் தலைவருடைய முகம் அச்சிட்ட நோட்டை வெறும் காகிதம் என்று சொல்லிவிட்டார். ஜெனரலின் முகத்தை ஜெனரலே ரத்து செய்தார்! உத்தரவு பர்மியருக்கும் சேர்த்துத்தான் என்றாலும், வியாபாரத்தில் கைப்பணம் வைத்துப் புழங்கியவர்களில் இந்தியரும் சீனரும் ஜாஸ்தி. அடி எங்கே விழ வேண்டும் என்று பார்த்துத்தான் விழுந்தது. கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய கூட்டத்தை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1962-க்குப் பிறகு பர்மாவை விட்டு வந்த இந்தியர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். சென்னைக் கடற்கரைச் சாலையில் பர்மா பஜார் முளைத்தது அவர்களால்தான்.

இங்கே ஒன்று சொல்லாமல் போனால் நியாயமாகாது. வெறுப்பு ஆகாயத்திலிருந்து விழவில்லை. 1930-ல் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் நம் செட்டியார்களின் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. உலகமெங்கும் விலை சரிந்த அந்த நாட்களில் நெல்லை விற்றுக் கடன் கட்ட முடியாமல் குடியானவர்கள் தவித்தார்கள். அடமான நிலங்கள் வந்து விழுந்தன. 1938-க்குள் அந்த ஆறு, இருபத்தைந்தாகிவிட்டது. நிலம் வேண்டும் என்று வாங்கியவர்கள் அல்ல, பணம் திரும்பாததால் நிலம் வந்தது என்று நம்மவர்கள் சொல்வது வாஸ்தவம்தான். நிலம் போனவனுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? இதைச் சொன்னபோது நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கள் அப்பா செட்டியாரும் இல்லை, லேவாதேவியும் பண்ணவில்லை. பெகுவில் ஒரு மளிகைக் கடை" என்று சொல்லிவிட்டு, காபி கொண்டுவரச் சொல்லப் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை. அவர் பர்மாவில் பிறந்தவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முப்பது வருஷப் பழக்கம்!

கதை இன்னும் முடியவில்லை. 1972-லிருந்து பர்மாவிலேயே வாஸி என்ற ஊரில் நோட்டு அச்சடிக்க ஆரம்பித்தார்கள். மறுபடியும் ஆங் ஸான். 1985 நவம்பர் 3-ஆம் தேதி, முன்னறிவிப்பு இல்லாமல் 50-ம் 100-ம் செல்லாது என்றார்கள். ஒரு வாரத்தில் 75 கியாட் நோட்டு வந்தது. எழுபத்தைந்து என்ன கணக்கு? நெ வின்னுக்கு எழுபத்தைந்து வயது நிறைந்ததற்காக என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் 15-ம் 35-ம். நண்பரின் ஆல்பத்தில் மிகவும் அழகான பக்கம் இதுதான். நோட்டுகள் ஒன்றுகூட மடங்காமல் பளபளவென்று இருக்கின்றன. மடங்குவதற்கு அவகாசம் இல்லை என்பதுதான் காரணம் என்று எனக்குப் பிறகு தோன்றியது. 1987 செப்டம்பர் 5-ஆம் தேதி 25, 35, 75 மூன்றும் செல்லாமல் போயின. இந்தத் தடவை மாற்றிக் கொடுப்பது என்ற பேச்சே கிடையாது. தேசத்தில் புழங்கிய பணத்தில் முக்கால் பங்கு ஒரு நாளில் காகிதமாயிற்று என்று கணக்கிடுகிறார்கள். சம்பளம் கட்ட வைத்திருந்த பணம் போன மாணவர்கள் அன்றைக்கே ரங்கூனில் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அடுத்த வருஷம் நடந்த பெரிய கிளர்ச்சிக்கு அதுதான் முதல் பொறி.

அதற்குப் பதிலாக வந்தவை 45-ம் 90-ம். இரண்டும் ஒன்பதால் வகுபடும். ஒன்பது நெ வின்னுக்கு ராசியான எண்ணாம். கடைக்காரன் 90-ஐ வாங்கிக்கொண்டு 45-ஐக் கொடுத்துக் கணக்குப் பார்க்கிற அவஸ்தையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இந்த இரண்டிலும் ஆங் ஸான் இல்லை. 90-ல் இருப்பவர் ஸயா ஸான். 1930-ல் வெள்ளைக்காரருக்கு எதிராகக் குடியானவர்களைத் திரட்டி, 1931-ல் தூக்கில் ஏறிய நாட்டு வைத்தியர். அதனாலேயே நண்பர் இவை இரண்டையும் ஆல்பத்தில் சேர்க்கவில்லை. இரண்டு காலி உறைகளை மட்டும் அந்த இடத்தில் வைத்திருக்கிறார். தொகுப்பாசிரியர் என்ற முறையில் அவர் செய்த மிகச் சிறந்த காரியம் அந்தக் காலி உறைகள்தான் என்பது என் அபிப்பிராயம். கதாநாயகன் இல்லாத அத்தியாயத்தை வெற்றுத் தாளாகவே விட்டுவிட எனக்குத் தைரியம் வந்ததில்லை.

பிறகு 1990. தேசத்தின் பெயரை மியன்மார் என்று மாற்றியாகிவிட்டது. ஆங் ஸானின் மகள் ஸூ சீ வீட்டுக் காவலில் இருக்கிறார். புதிய ஒரு கியாட் நோட்டு வந்தது, அப்பாவின் முகத்தோடு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரிகிற நீரெழுத்து முகம் இருக்கிறதே, அதில் தாடை கொஞ்சம் மிருதுவாக, கன்னம் கொஞ்சம் நிறைவாக விழுந்திருந்தது. அது அப்பா இல்லை, பெண் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. வரைந்தவர் வேண்டுமென்றே செய்தார் என்றார்கள். பூவிதழ்களை எண்ணிப் பார்த்தால் 1988 ஆகஸ்ட் 8-ஆம் தேதிக் கிளர்ச்சியின் எட்டுகள் வருகின்றன என்றார்கள். சர்க்கார் அதைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டது என்றும், ஜனங்கள் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள் என்றும் கதை. நண்பர் தன் நோட்டை ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினார். எனக்கு அப்பா மாதிரியும் இருந்தது. மகள் மாதிரியும் இருந்தது. வரைந்தவர் மனசில் என்ன இருந்தது என்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பத்திரிகையில் எழுத முடியாததை, மேடையில் பேச முடியாததை, காய்கறி வாங்கப் போகிற நோட்டில் ஜனங்கள் வாசித்துக்கொண்டார்கள். முப்பது வருஷமாக விறைத்துக் கிடந்த அந்த முகத்தில் கடைசியில் உயிரைப் போட்டது தகட்டில் செதுக்கினவர் அல்ல, அதை உற்றுப் பார்த்தவர்கள். ஒரு கிரந்தத்துக்கு இதைவிட நல்ல வாசகர்கள் வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த புதிய நோட்டுகளில் சிங்க உருவத்தைப் போட்டார்கள். சிங்கத்துக்கு மகள் கிடையாது. 2020 ஜனவரி 4-ஆம் தேதி, சுதந்திர நாளில், மகளின் கட்சி ஆட்சியில் 1000 கியாட் நோட்டில் ஆங் ஸான் திரும்பி வந்தார். அந்த ஜூலை 19-ஆம் தேதி, அவர் இறந்த நாளில், 500 கியாட்டில் வந்தார். 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி ராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்து மகளை மறுபடியும் சிறையில் வைத்தது. ஆல்பம் அந்த இரண்டு நோட்டுகளோடு நிற்கிறது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, திருப்பிக் கொடுக்கிற சமயத்தில், முதல் பக்கத்தைக் காட்டி, "இது தலைகீழாக இருக்கிறதே, சரி செய்துவிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம், ஸார்" என்று சொல்லிவிட்டு அவரே அதை உறையிலிருந்து எடுத்தார். 1958-ஆம் வருஷத்து நூறு கியாட் நோட்டு. எட்டாக மடித்து மடித்து, மடிப்புகளில் வெள்ளை விழுந்து, ஓரம் பிரிந்திருந்தது. இத்தனை நாள் மடிப்பில்லாத நோட்டுக்காகக் கடிதம் எழுதியும் ஆள் அனுப்பியும் அலைந்த மனிதர், இதை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அப்பாவுடையதாம். 1964-ல் கடை போன பிறகு, கையில் இருந்ததும் செல்லாது என்று ஆன பிறகு, மூட்டை கட்டும்போது அவர் தம்முடைய சட்டைப் பையில் இதை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாராம். எதற்கு இந்தக் குப்பை என்று அம்மா கேட்டாளாம். "குப்பை ஆக்கினவன் வேறே, இவர் இருந்திருந்தால் நம்மை அனுப்பியிருக்க மாட்டார்" என்றாராம். செக்ரடேரியட்டில் அவரோடு சுடப்பட்டுச் செத்த மந்திரிகளில் அப்துல் ரஸாக் ஒருவர், இந்தியத் தகப்பனாருக்கும் பர்மியத் தாயாருக்கும் பிறந்தவர், கல்வி மந்திரி. அவர் பெயரைத்தான் அப்பா சாட்சியாகச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். இங்கே வந்து ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். பதினேழு வருஷம் இருந்தார். நோட்டை எப்போதாவது எடுத்துப் பார்த்துவிட்டு, முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பார். ஏன் என்று நண்பர் கேட்டதில்லை. தாமும் அப்படியே வைத்துவிட்டார்.

தட்டோன் மணியக்காரரைப் பற்றி நண்பருக்குத் தெரியுமோ, சொல்லலாமோ கூடாதோ என்று எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. அவரே சொன்னார்: "அந்த மணியக்காரர் விஷயம் எனக்கும் தெரியும், ஸார். அப்பா போன பிறகுதான் படித்தேன். படித்த அன்றைக்கு ஆல்பத்தை எடைக்குப் போட்டுவிடலாம் என்றிருந்தது. போடவில்லை." சொல்லிவிட்டு நோட்டை ஒரு நிமிஷம் திருப்பி எனக்குக் காட்டினார். மடிப்பு ஒன்று தொப்பிக்கும் நெற்றிக்கும் நடுவில் ஓடியது. தொப்பி அழிந்து தேய்ந்து, கண்கள் மட்டும் நன்றாகத் தெரிந்தன. பிறகு பழையபடி கவிழ்த்துச் செருகினார்.

இதை எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்பும் முன் அவரிடம் வாசித்துக் காட்டினேன். நெ வின் தபால் குமாஸ்தாவாக இருந்தார் என்ற இடத்தில் சிரித்தார். செட்டியார் விஷயத்தில் உதட்டைப் பிதுக்கினார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அப்பா பெயர் ஒரு இடத்தில் வருகிறது, ஸார். அதை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்றார்.

எடுத்துவிட்டேன்.